ஸ்விஃப்ட் டீசலில் மாற்றிய கியர் பாக்ஸ்: மூன்று வருடம், 52,000 கிலோமீட்டர்

என்னுடையது 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 2022 செப்டம்பரில் பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கிய கியர் பாக்ஸை மாட்டினேன். அன்றைக்கு மீட்டர் 1,46,000. இன்றைக்கு 1,98,000. பெட்டி நன்றாக ஓடுகிறது. ஐந்தாவது கியரில் 70-ஐத் தாண்டினால் மெலிதாக ஒரு ரீங்காரம் வரும். மாட்டிய நாளிலிருந்தே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய பெட்டி வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் நான் பட்ட பாட்டில் பாதி, பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத பாடு.

முதலில் ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்றது. அப்புறம் காலையில் முதல் முறை இரண்டாவது கியர் விழும்போது ஒரு உரசல். வண்டி சூடானால் சரியாகிவிடும். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, “பெட்டி போயிடுச்சு சார், இறக்கணும்” என்றார்கள். ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தக்கலைப் பக்கம் தகர ஷெட்டில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். வெண்ணெய் மாதிரி விழுந்தது. “அப்போ கேபிளும் லிவரும் குத்தமில்லை, கேட்டியா மக்கா. இனி ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சை மிதிச்சு அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடு.” போட்டேன், கர்ர். “இனி ரெண்டு தடவை பம்ப் பண்ணிட்டுப் போடு.” சத்தமில்லாமல் விழுந்தது.

விஷயம் இதுதான். கிளட்ச்சை முழுக்க மிதித்து ஐந்து வினாடி காத்திருந்தால் பெட்டியின் உள்சாஃப்ட் (என்ஜினின் சுற்றலைக் கிளட்ச் வழியாகப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) சுற்றுவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. பம்ப் செய்தால் சரியாகிறது என்றால் கோளாறு ஹைட்ராலிக்கில், அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டில். பெடலுக்கு மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் கசிந்து, கால்மிதியின் ஓரம் ஈரமாக இருந்தது. அதை மாற்றியதும் ரிவர்ஸ் பிரச்சினை போய்விட்டது. பெட்டியை இறக்கியிருந்தால் அதற்கும் சேர்த்து வேறு எவ்வளவு போயிருக்குமோ.

ஆனால் இரண்டாவது கியரின் உரசல் போகவில்லை. கூடவே இன்னொன்றையும் அண்ணாச்சி காட்டினார். நியூட்ரலில் என்ஜின் ஓடும்போது ஒரு ஊளை, கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நிற்கிறது என்றால் உள்சாஃப்ட் பேரிங். பெட்டியின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். வந்தது ஆயில் இல்லை, பால் கூடிய டீ. தண்ணீர் கலந்த ஆயிலின் நிறம் அது. வெயிலில் பிடித்தால் அதில் பொன்துகள் மாதிரி மினுக்கம். கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை.

“வண்டி எப்போ வெள்ளத்தில நின்னுது?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2021 நவம்பர் மழையில் குழித்துறைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டு முற்றத்தில் ஒரு ராத்திரி முழுக்க வண்டி அச்சு மூழ்கத் தண்ணீரில் நின்றது. என்ஜின் ஆயில் மாற்றினேன், கார்ப்பெட்டை வெயிலில் போட்டேன், பிரேக் பார்த்தேன். கியர் பாக்ஸை யாரும் நினைக்கவில்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடாக வந்த பெட்டி குளிர்ந்த தண்ணீரில் நின்றால் உள்ளே காற்று சுருங்கும். அந்த இழுப்பில், பெட்டி மூச்சுவிடும் துளையான பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். பத்து மாதம் அந்தத் தண்ணீரோடு ஓட்டியிருக்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை வருஷத்தில் இரண்டு முறை வெளுத்து வாங்குகிறது. வண்டி தண்ணீரில் நின்றால் என்ஜின் ஆயிலோடு கியர் ஆயிலையும் அன்றே இறக்கிப் பாருங்கள்.

பேரிங், சிங்க்ரோ, துருவால் குழி விழுந்த சாஃப்ட் எல்லாம் மாற்ற 28,000 என்றார்கள். பழைய பெட்டி 16,500-க்குக் கிடைத்தது. அதாவது, இரண்டாவது முறை கிடைத்தது.

முதல் முறை போனில் பேசி வாங்கினேன். “ஸ்விஃப்ட் டீசல்தானே, அதேதான் சார்” என்றார் கடைக்காரர். லாரி பார்சலில் வந்தது. அண்ணாச்சி அதை என் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினார். இரண்டையும் நான்காவது கியரில் போட்டார். ஆக்சில் மாட்டும் இரண்டு பக்கத்தில் ஒன்றை நான் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுபக்கத்தில் சாக்பீஸ் கோடு. உள்சாஃப்ட்டில் ஒரு கோடு. மறுபக்கம் இரண்டு முழுச் சுற்று வரும்வரை உள்சாஃப்ட்டைச் சுற்றி எண்ணினார். ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் இரட்டிப்பாகச் சுற்றும், அதனால்தான் இரண்டு. என் பெட்டிக்கும் வந்த பெட்டிக்கும் கிட்டத்தட்ட அரைச் சுற்று வித்தியாசம். ஃபைனல் டிரைவ், அதாவது பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் கடைசிப் பல்சக்கர விகிதம், வேறு. ஸ்பீடு சென்சார் பிளக்கும் பொருந்தவில்லை. அது எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. திருப்பி அனுப்பியதில் 1,500 பிடித்துக்கொண்டார்கள், லாரிக் காசும் என் தலையில்.

இந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபியட்டின் என்ஜின் அது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபியட் புன்டோ, டாட்டா விஸ்டா எல்லாவற்றிலும் இருந்தது. என்ஜின் ஒன்று என்பதற்காக விஸ்டா பெட்டி ஸ்விஃப்ட்டில் உட்காராது. பெட்டியைத் தாங்கும் மவுண்டும் ஆக்சிலும் கியர் கேபிள் பிடிக்கும் இடமும் வேறு. பெட்ரோல் ஸ்விஃப்ட்டின் பெட்டியும் ஆகாது. மாருதிக்குள்ளேயேகூட 75 குதிரைச் சக்தி டீசலையும் எர்டிகா, சியாஸில் வந்த 90 குதிரைச் சக்தி டீசலையும் ஒன்றாக நினைத்து வாங்க வேண்டாம். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அப்புறமும் சுற்றி எண்ணுங்கள்.

இரண்டாவது முறை நானே கிளம்பினேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து நடந்து, பழைய வண்டி பார்ட்ஸ் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை. கையில் துணிப்பை, அதற்குள் என் பழைய கிளட்ச் பிளேட். பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. ஆனால் அந்த பிளேட்தான் என் அளவுகோல். உள்சாஃப்ட்டின் பல்லில் போட்டுப் பார்த்தால் ஆடாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மூன்று கடையில் போகவே இல்லை. நான்காவது கடையில் போனது. எல்லாக் கியரும் விழுகிறதா, சாஃப்ட்டில் மேல்கீழ் ஆட்டம் உண்டா, மவுண்ட் காதுகளில் வெல்டிங் தடம் இருக்கிறதா, டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன். மை மாதிரிக் கறுப்புப் பசை இருந்தால் பரவாயில்லை, சில்லு இருந்தால் வேண்டாம். ஆயிலை மோந்தும் பார்த்தேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

மாட்டும்போது கிளட்ச் செட், பெட்டிக்குள் உட்கார்ந்து கிளட்ச்சைத் தள்ளும் சிலேவ் சிலிண்டர், இரண்டு ஆக்சில் சீல், என்ஜினின் பின் சீல் எல்லாமே புதிது. பெட்டியை இறக்கும் கூலி ஒரு தடவை கொடுத்தால் போதும் என்பது கணக்கு. ஆயில் மேனுவலில் சொன்ன ஜிஎல்-4 தரம். கடையில் “ஜிஎல்-5 இதைவிட ஒசத்தி” என்று நீட்டினார்கள். அதில் சேர்க்கும் கந்தகச் சரக்கு சிங்க்ரோவின் பித்தளைக்கு ஆகாது, சிங்க்ரோ பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். 1,000 கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றினேன், பிறகு 20,000-க்கு ஒரு தடவை.

இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை வயிறு கலங்கியது. முதல் கியரும் மூன்றாவதும் விழ மறுத்தன. என்ஜின் அணைத்தும் அதே கதை. போச்சு என்று நினைத்தேன். கேபிள் முனையில் இருந்த ரப்பர் புஷ் உதிர்ந்திருந்தது, செலவு 350 ரூபாய். அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டால் மூன்றாவது கியர் துள்ளி வெளியே வந்தது. அது என்ஜின் மவுண்ட்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் எதிர்காற்றில் போனால் பெட்டி சரியானதா என்று தெரிந்துவிடும். காற்றாலை சும்மாவா அங்கே நிற்கிறது! முன்பு போலவே ஐந்தாவதில் 80 போகிறேன், ஆர்பிஎம் முள்ளும் பழைய இடத்தில்தான் நிற்கிறது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டாவதுக்கு இறக்கும்போது உரசல் இல்லை. மார்கழிக் காலையில் மட்டும் முதல் தடவை கொஞ்சம் கெட்டியாக விழும். அதற்கு நான் பழகிவிட்டேன், வீட்டுக்காரி இன்னும் பழகவில்லை.

பழைய பெட்டி இன்னும் அண்ணாச்சி ஷெட்டில் கிடக்கிறது. நல்லதாக இருந்த மூன்றாவது கியர் யாருடைய ரிட்ஸுக்கோ போய்விட்டது. கூடு மட்டும் காற்றில் தார்ப்பாய் பறக்காமல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.