கிபாலே காட்டில் கறுப்பும் வெள்ளையும்: ஒரே லென்ஸுடன் நான்கு பயணங்கள்

உகாண்டாவின் மேற்கே, ஃபோர்ட் போர்ட்டல் நகருக்கு அருகிலுள்ள கிபாலே தேசியப் பூங்காவுக்கு 2018 முதல் 2024 வரை நான்கு முறை சென்றிருக்கிறேன். நான்கு முறையும் கொண்டுசென்றவை ஒரு 100–400 மி.மீ. ஜூம் லென்ஸும் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலரும்தான். 13 வகைக் குரங்கினங்கள் வாழும் இக்காட்டிற்குப் பெரும்பாலோர் சிம்பன்சிகளைக் காணவே வருகிறார்கள். என்னை மீண்டும் மீண்டும் இழுத்தவை கறுப்பு வெள்ளை இருவாச்சியும் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குமே.

படமெடுப்பவருக்கு இவற்றின் நிறமே முதல் சோதனை. கருமேனியும் தோளிலிருந்து தொங்கும் வெண்மயிரும் கொண்ட கொலோபஸ், வெளிறிய வானம் பின்னால் தெரியுமாறு உச்சிக்கிளையில் அமரும்போது, கேமரா வானத்தின் வெளிச்சத்தையே அளந்துகொண்டு குரங்கின் முகத்தைக் கரிக்கட்டியாக்கிவிடும். முதல் பயணத்தின் படங்களில் பெரும்பகுதி அப்படித்தான் வீணாயிற்று. இப்போது அமர்ந்திருக்கும் குரங்கிற்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டி, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டு, பின்னர் திருத்த இடம்தரும் ரா கோப்பாகவே (கேமராவின் மூலத் தரவாகவே) எடுக்கிறேன். பறக்கும் இருவாச்சிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. விரிந்த சிறகின் வெள்ளைப் பரப்பு விவரமின்றிப் போய்விடும் என்பதால், அரை ஸ்டாப்புக்கு மேல் கூட்டாமல், ஷட்டர் வேகத்தை 1/1600 விநாடியில் வைக்கிறேன்.

400 மி.மீ.இல் இந்த லென்ஸின் துளை எஃப்/5.6 அளவுக்கு மேல் விரியாது, ஒளி குறைவாகவே நுழையும் என்பதால், காலை எட்டு மணிக்குக்கூட ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 6400 வரை உயர்த்த வேண்டியிருக்கிறது. ஆயினும் கொடிகள் பின்னிய ஒற்றையடிப் பாதையில், செவ்வால் குரங்குகள் தலைக்கு மேல் தாவிச் செல்கையில், முக்காலியை விரிக்க நேரமே இருப்பதில்லை. கையில் பிடித்துச் சுழற்ற முடிகிற எடைக்காகவே இதை மாற்றாமல் வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் உட்புறக் கண்ணாடியில் பூஞ்சை படிந்தது. நனைந்த லென்ஸை உறையிலேயே ஓர் இரவு விட்டது என் தவறு. அதன்பின் சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டியின்றிப் பயணம் செய்வதில்லை.

கருவிகளைவிட அதிகம் உதவியது செவி. இருவாச்சியின் சிறகோசை, பறவை தெரிவதற்கு முன்பே மரங்களுக்கு மேல் இரைந்து வரும். பழுத்த அத்தி மரத்தடியில் காத்திருந்தால் குரங்குகளும் அங்கேயே வந்து சேரும். ஐவரி கோஸ்ட்டின் டாயி காட்டில் நடந்து 2004இல் வெளியான ஆய்வொன்று, மஞ்சள் கொண்டை இருவாச்சிகள் டயானா குரங்குகளின் கழுகு எச்சரிக்கையையும் சிறுத்தை எச்சரிக்கையையும் பிரித்தறிவதைக் காட்டியது. அதைப் படித்த பிறகு, குரங்குகள் குரலெழுப்பினால் கேமராவைத் தாழ்த்திவிட்டுப் பைனாகுலரால் உச்சிகளைத் துழாவுகிறேன்; முடிசூடிய கழுகை இருமுறை கண்டது அப்படித்தான்.

பைனாகுலரில் 10×ஐ விட 8×ஐயே பரிந்துரைப்பேன். அண்ணாந்து நெடுநேரம் பார்க்கையில் கைநடுக்கம் குறைவு, காட்சிப் பரப்பும் அகலம்.

400 மி.மீ. போதாமற்போனது ஒரே இடத்தில்தான். மண் பூசி அடைத்த பொந்திற்குள் பெண் இருவாச்சி இருக்க, ஆண் தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து பிளவின் வழியே ஊட்டியது. இன்னும் நெருங்கினால் அது வராமற்போகும் என்று வழிகாட்டி சொன்னதால், நின்ற இடத்திலிருந்தே எடுத்தேன். படத்தில் பறவை சிறியதாகவே இருக்கிறது.