சைட் ஹேங் ஆகிறதா? ‘பிளானை அப்கிரேட் பண்ணுங்க’ என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள்

ஆன்லைனில் பொருள் விற்கும் சின்னக் கடை ஒன்று. முன்னால் வேண்டுகோள்களை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் பிஎச்பி ஸ்கிரிப்ட்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் (சுருக்கமாக எஃப்பிஎம்), தரவுக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். நாளுக்கு நாற்பது ஆர்டர் வந்தால் அதிகம். ஒரு நாள் மதியத்துக்கு முன்பே தளம் படுத்துவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு 504 (பின்னாலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்ற பிழை) காட்டியது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போட்டதும் பதில் வந்தது: “டிராஃபிக் அதிகம் சார், இந்த பிளான் தாங்காது.” ரீஸ்டார்ட் செய்தார்கள், தளம் எழுந்தது. மறுநாளும் அதே கதை.

பெரிய பிளானுக்குப் பணம் கட்டப்பட்டது. பத்தாக இருந்த வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளை மட்டும் கவனிக்கும் எஃப்பிஎம் புராசஸ்) எண்ணிக்கை முப்பதாயிற்று. மதியம் விழுந்துகொண்டிருந்த தளம் இப்போது இரவு எட்டு மணிக்கு விழுந்தது. “பாருங்க, முன்னேற்றம் தெரியுது” என்றார்கள். அடுத்து டிடாஸ் (போலி டிராஃபிக்கால் தளத்தை முடக்கும் தாக்குதல்) பாதுகாப்பு என்று ஒரு ஆட்-ஆன், அதற்குத் தனி பில். கடைசியில் ‘சர்வர் ஆப்டிமைசேஷன்’ என்ற பெயரில் இன்னொரு பில். அதில் செய்த வேலை இரண்டே இரண்டு: என்ஜின்எக்ஸ் டைம்அவுட்டை 60 விநாடியிலிருந்து 300 ஆக்கியது, காலை நான்கு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்ய ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டது. அதோடு தளம் விழுவது நின்றது, டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள்.

கோளாறு வேறெங்கோ இருந்தது. ஆர்டர் பட்டனை அமுக்கியதும் ஓடும் ஸ்கிரிப்ட், எஸ்எம்எஸ் கேட்வேயின் (எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் வெளிச் சேவை) பழைய முகவரியை கர்ல் (வெளிச் சர்வரோடு பேசும் பிஎச்பி வசதி) வழியாக அழைத்துக்கொண்டிருந்தது. அந்த முகவரி இணைப்பை ஏற்றுக்கொள்ளும், ஆனால் பதிலே தராது. கோடில் டைம்அவுட் எழுதப்படவில்லை. பிஎச்பியில் கர்லின் மொத்த நேர வரம்பு இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. ஒரு ஆர்டருக்கு ஒரு வொர்க்கர் நிரந்தரமாகச் சிக்கியது. பக்கம் வராத வாடிக்கையாளர் மறுபடி அமுக்குவார், இன்னொன்றும் போகும். பத்து அமுக்கலில் பத்து வொர்க்கரும் காலி. முப்பது கொடுத்தால் முப்பது அமுக்கல் தாங்கும். அவர்கள் காட்டிய ‘முன்னேற்றம்’ இவ்வளவுதான். முதல் நாளே லாக்கைத் திறந்து பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

இந்தப் பதிவு அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது.

முதலில், எஃப்பிஎம் லாக்கில் ஒரு வரி வரும்: “சர்வர் ரீச்ட் பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் செட்டிங் (10), கன்சிடர் ரெய்சிங் இட்”. எண்ணைக் கூட்டிப் பாருங்கள் என்று லாக்கே சொல்வதுபோல் இருப்பதால், சப்போர்ட்டில் இருப்பவர் அதைக் காட்டி பிளானை விற்றுவிடுகிறார். வொர்க்கர் எல்லாம் நிரம்பிவிட்டது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. வேலை அதிகமாகி நிரம்பியதா, வேலையே நடக்காமல் அடைத்துக்கொண்டு நிரம்பியதா என்பது அதில் இருக்காது. அதற்கு சிபியுவைப் பார்க்க வேண்டும். உண்மையான டிராஃபிக் என்றால் வொர்க்கர்கள் ஓடும் நிலையில் இருக்கும், சிபியு சூடேறியிருக்கும், அல்லது டேட்டாபேஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். வொர்க்கர் எல்லாம் நிரம்பியும் சிபியு மூன்று சதவீதத்தில் சும்மா கிடக்கிறது என்றால், அத்தனை பேரும் எதற்கோ காத்து நிற்கிறார்கள். காத்து நிற்பவர்களுக்கு இன்னும் பத்து நாற்காலி போடுவதால் வரிசை நகராது.

எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) இல்லாத ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் இதைப் பார்க்கலாம். சிபேனலும் கிளவுட்லினக்ஸும் உள்ள இடத்தில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ பக்கம் இருக்கும். அதில் ‘என்ட்ரி புராசஸ்’ (ஒரே நேரத்தில் ஓடும் வேண்டுகோள்களின் எண்ணிக்கை) என்ற கோடு உச்சியைத் தொட்டு (பல பிளான்களில் 20), அதே நேரத்தில் சிபியு கோடு தரையில் கிடந்தால், அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் பிழை பெரும்பாலும் 508. ‘ரிசோர்ஸ் லிமிட்’ என்று எழுதியிருப்பதால் எல்லோரும் டிராஃபிக் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஸ்லோலாக். பிஎச்பி-எஃப்பிஎம்மில் இருக்கும் மிக உருப்படியான வசதி இதுதான், ஆனால் இயல்பாக அணைந்தே கிடக்கும். பூல் (வொர்க்கர்களின் தொகுப்பு) அமைப்புக் கோப்பில் ‘ரிக்வெஸ்ட் ஸ்லோலாக் டைம்அவுட்’ என்பதை 5 விநாடி என்று வைத்து, ‘ஸ்லோலாக்’ என்பதற்கு ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்து ரீலோட் செய்தால் போதும். ஐந்து விநாடிக்கு மேல் ஒரு வேண்டுகோள் இழுத்தால், அந்த நொடியில் ஸ்கிரிப்ட் எந்த வரியில் நிற்கிறது என்பதை எஃப்பிஎம் எழுதி வைக்கும். தேதி, பூல் பெயர், புராசஸ் எண். அடுத்த வரியில் ஸ்கிரிப்ட்டின் பாதை. அதன் கீழே ஃபங்ஷன்களின் அடுக்கு. அடுக்கின் மேல் வரிதான் சிக்கிய இடம். நம் கடையில் அங்கே இருந்தது கர்ல்_எக்ஸெக், பக்கத்தில் எஸ்எம்எஸ் கோப்பின் பெயரும் வரி எண்ணும். பத்துப் பதிவுகளைப் பார்த்தால் பத்திலும் அதே வரி. டாக்கருக்குள் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது: கண்டெய்னருக்கு பிட்ரேஸ் (ஒரு புராசஸ் இன்னொன்றுக்குள் எட்டிப் பார்ப்பது) அனுமதி தராவிட்டால் ஸ்லோலாக்கில் அடுக்கு வராது.

ஸ்லோலாக்கை முன்பே போட்டு வைக்கவில்லை, தளம் இப்போதே நின்றுகொண்டிருக்கிறது என்றால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியில் தடயம் எல்லாம் அழிந்துபோகும். சப்போர்ட் ஆள் முதல் வேலையாக ரீஸ்டார்ட் செய்தார் என்றால் அவர் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் தளம் கூடுதலாக நின்றாலும் பரவாயில்லை. புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் எஃப்பிஎம் வொர்க்கர்களின் புராசஸ் எண்ணையும் நிலையையும் பாருங்கள். ரூட் அனுமதியோடு ஒன்றிரண்டில் எஸ்ட்ரேஸ் (புராசஸ் லினக்ஸிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) மாட்டினால் எதற்குக் காத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ‘போல்’ என்ற அழைப்பு நேரம் முடிந்து முடிந்து மறுபடி மறுபடி வந்தால், வெளிச் சர்வரின் பதிலுக்காக நிற்கிறது. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் அதே புராசஸ் எண்ணைத் தேடினால் எந்த ஐபியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதும் கிடைக்கும். ‘எஃப்லாக்’ என்று ஒற்றை வரி வந்து அப்படியே நின்றால், அது பெரும்பாலும் செஷன் பூட்டு (ஒரு பயனரின் லாகின் போன்ற விவரங்களை வைத்திருக்கும் கோப்பின் மீதான பூட்டு). நிலை எழுத்து ‘டி’ (D) என்று இருந்தால் கதை வேறு: கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி), பெரும்பாலும் டிஸ்க் அல்லது நெட்வொர்க் டிரைவ் பதில் தராமல் நிற்கிறது. கில் மைனஸ் ஒன்பது கொடுத்தாலும் உடனே சாகாது. அது ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு உங்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது.

செஷன் பூட்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: ஒரே பிரவுசரில் எல்லா டேபும் தொங்கும், இன்காக்னிட்டோவில் உடனே திறக்கும். கோப்பு வழி செஷனில் செஷன்_ஸ்டார்ட் அழைத்ததும் அந்தப் பயனரின் கோப்பு பூட்டப்படும், ஸ்கிரிப்ட் முடியும்வரை திறக்காது. நீண்ட வேலை செய்யும் ஸ்கிரிப்ட்டில் செஷனை எழுதி முடித்ததும் செஷன்_ரைட்_குளோஸ் போட்டால் தீர்ந்தது.

இப்போது அந்த ‘ஆப்டிமைசேஷன்’ பில்லுக்கு வருவோம். டைம்அவுட்டை 300 ஆக்கியதால் கிடைத்தது, வாடிக்கையாளர் ஒரு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் காத்திருந்து அதே 504-ஐப் பார்த்தது மட்டும்தான். என்ஜின்எக்ஸ் கைவிட்டு இணைப்பை மூடினாலும், பின்னால் இருக்கும் பிஎச்பி வொர்க்கருக்கு அது தெரியாது. ஏதாவது வெளியே எழுத முயலும்போதுதான் தெரியும். கர்லுக்குள் நிற்பது எதையும் எழுதாது. ‘மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம்’ 30 விநாடி இருக்கிறதே, அது ஏன் கொல்லவில்லை என்று கேட்பார்கள். லினக்ஸில் அது ஸ்கிரிப்ட் தானே ஓடும் நேரத்தை மட்டும் எண்ணும். வெளிப் பதிலுக்கும் டேட்டாபேஸுக்கும் காத்திருக்கும் நேரம், ஸ்லீப் எல்லாம் கணக்கில் வராது. ஆகவே அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த நோய்க்கு மருந்தல்ல. ‘டிஃபால்ட் சாக்கெட் டைம்அவுட்’ 60 இருக்கிறதே என்றால், அது ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் போன்றவற்றுக்கு. கர்ல் அதைச் சீண்டாது.

கிரான் ரீஸ்டார்ட் இன்னும் மோசம். சிக்கிய வொர்க்கரோடு சேர்த்து, அந்த நொடியில் பணம் செலுத்திக்கொண்டிருப்பவரின் வேண்டுகோளும் அறுந்துபோகலாம். பணம் போயிருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. அந்தப் புகார் ஹோஸ்டிங்காரருக்குப் போகாது, கடைக்காரருக்குத்தான் வரும்.

வொர்க்கர் எண்ணைக் கண்மூடிக்கொண்டு 200 ஆக்கிவிடும் ‘நிபுணர்’களும் உண்டு. கணக்கு எளிது: 2 ஜிபி ரேமில் மைஎஸ்க்யூஎல்லுக்கும் சிஸ்டத்துக்கும் 900 எம்பி போனால் மிச்சம் சுமார் 1,150. ஒரு வொர்க்கர் 60 எம்பி தின்றால் 19 பேர்தான் உட்காரலாம். 200 என்று எழுதி வைத்தால், அடைப்பு வரும் நாளில் ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பி, நினைவகம் தீர்ந்ததும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் எழுந்து, நினைவகத்தை அதிகம் பிடித்திருப்பதைப் போட்டுத் தள்ளும். அது பல நேரம் மைஎஸ்க்யூஎல்லாகத்தான் இருக்கும். 504 வந்த இடத்தில் இப்போது டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வரும். உடனே ‘டேட்டாபேஸ் ரிப்பேர்’ என்று இன்னொரு பில்.

சரியான திருத்தம் கோடில் இரண்டு வரி. இணைப்புக்கான கர்ல் வரம்பு 3 விநாடி, மொத்த வரம்பு 8 விநாடி. எஸ்எம்எஸ் போகாவிட்டால் லாக்கில் எழுதிவிட்டு ஆர்டர் பக்கத்தைக் காட்டிவிட வேண்டும். இன்னும் ஒழுங்காகச் செய்வதென்றால், எஸ்எம்எஸ்ஸை ஒரு டேபிளில் போட்டு வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் தனி ஸ்கிரிப்ட் அனுப்பட்டும். இடையில் ஒரு பொறி இருக்கிறது: ஃபாஸ்ட்சிஜிஐ_ஃபினிஷ்_ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு அதற்குப் பிறகு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும் என்பார்கள். வாடிக்கையாளருக்குப் பக்கம் உடனே வந்துவிடும், உண்மைதான். ஆனால் வொர்க்கர் விடுபடாது. டைம்அவுட் இல்லாமல் இதைச் செய்தால் பக்கங்கள் ஜோராக வந்துகொண்டே இருந்து, திடீரென்று ஒரு நேரத்தில் மொத்தமும் நிற்கும். கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

பாதுகாப்பு வலையாக எஃப்பிஎம்மில் ‘ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட்’ உண்டு. இயல்பாக இதுவும் 0, அணைந்தது. 50 விநாடி வைத்தால், என்ஜின்எக்ஸின் 60-க்கு முன்பே சிக்கிய வொர்க்கர் கொல்லப்படும், 504-க்குப் பதில் 502 (பின்னால் இணைப்பு அறுந்தது என்ற பிழை) வரும், லாக்கில் எந்த ஸ்கிரிப்ட் என்று பதிவாகும். பெரிய எக்ஸ்போர்ட், பேக்கப் ஓடும் தளமென்றால் அவற்றுக்குத் தனி பூல் வையுங்கள், இல்லையேல் அவையும் பாதியில் சாகும்.

ஸ்லோலாக்கில் மேல் வரியாக கர்லுக்குப் பதில் டேட்டாபேஸ் அழைப்பு வந்தால், மைஎஸ்க்யூஎல்லில் ‘ஷோ ஃபுல் புராசஸ்லிஸ்ட்’ கொடுங்கள். ‘வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்’ என்று வரிசையாக நின்றால், யாரோ டேபிளை ஆல்டர் செய்கிறார்கள் (அதன் அமைப்பை மாற்றுகிறார்கள்), அதற்கு முன்னால் முடிக்காத டிரான்சாக்ஷன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் அந்தக் காத்திருப்புக்கு இயல்பான வரம்பு 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு வருடம். தானாகத் தீரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. தூங்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் இணைப்பைத் தேடிக் கொல்ல வேண்டும்.

ஹோஸ்டிங்காரர் சொல்வது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். எஃப்பிஎம் ஸ்டேட்டஸ் பக்கத்தை முழு விவரத்தோடு திறந்தால் ஒவ்வொரு வொர்க்கரும் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரமாக ஓட்டுகிறது என்று வரும் (நேரம் மைக்ரோ விநாடியில், பத்து லட்சத்தால் வகுத்து விநாடியாகப் படியுங்கள்). எல்லாம் அரை விநாடி, ஒரு விநாடி என்று விதவிதமான பக்கங்களாக இருந்து, சிபியுவும் நிரம்பியிருந்தால் பிளான் போதவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் நூறு, இருநூறு விநாடி என்று வரிசையாக இருந்தால் வாங்காதீர்கள்.

பணம் கேட்டு மெயில் வந்தால் இப்படிப் பதில் போடுங்கள்: “தளம் நின்ற நேரத்தின் எஃப்பிஎம் ஸ்லோலாக், என்ஜின்எக்ஸ் எரர் லாக், சிபியு வரைபடம் மூன்றையும் அனுப்பவும். அடுத்த முறை நிற்கும்போது ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு வொர்க்கர்களின் எஸ்ட்ரேஸ் வெளியீட்டை எடுத்து இந்த டிக்கெட்டில் இணைக்கவும். அதுவரை அப்கிரேட் இன்வாய்ஸை நிறுத்தி வைக்கவும்.”