நகரும் படுகையா, சொட்டுக் கோபுரமா, பயோஃபிளாக்கா?

ஒரே தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மறுசுழற்சி மீன் பண்ணையில் தினமும் 10 கிலோ தீவனம், அதில் 35% புரதம் என்று வைத்துக்கொள்வோம். தீவன எடையைப் புரதப் பங்காலும் 0.092 ஆலும் பெருக்கினால், மீன் கழிவிலிருந்து நாளொன்றுக்குச் சேரும் மொத்த அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியா வடிவில் உள்ள நைட்ரஜன்) சுமார் 320 கிராம். மீனுக்கு நஞ்சான இந்தச் சுமையை இந்த மூன்று முறைகளும் எப்படிச் சுமக்கின்றன என்பதுதான் கேள்வி.

நகரும் படுகையில், நீரில் உருண்டுகொண்டே இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளில் (மீடியா) அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் (நைட்ரிஃபிகேஷன்) பாக்டீரியா ஒட்டி வளரும். வெதுவெதுப்பான நீரில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நீங்கும் என்று அடக்கமாகக் கணக்கிட்டால் 1,070 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் தரும் மீடியாவானால் 2.1 கன மீட்டர் போதும். தொட்டியின் கொள்ளளவில் 60% மீடியா என்றால் தொட்டி 3.6 கன மீட்டர். 70 சதவீதத்தைத் தாண்டினால் மீடியா உருளாது, மூலைகளில் கசடு தங்கிவிடும். முன்னால் திடக்கழிவை வடிக்கும் 60 மைக்ரான் டிரம் ஃபில்டர் (சுழலும் வலை உருளை) இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. திடக்கழிவைத் தின்னும் பாக்டீரியா வேகமாகப் பெருகி, மெதுவாக வளரும் நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியாவை மூடிவிடும்.

சொட்டுக் கோபுரத்தில் தண்ணீர் மேலிருந்து அசையாத மீடியா வழியே சொட்டி இறங்கும். அந்த மீடியா பெரும்பாலும் கன மீட்டருக்கு 200 சதுர மீட்டர்தான். அதே வேலைக்கு 5.4 கன மீட்டர் தேவை, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் மின்செலவும் கூட. பதிலுக்கு, ஆக்சிஜன் தானாகவே கலக்கிறது, கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிவிடுகிறது. மேலே தெளிப்பு சீராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் காய்ந்து, அங்குள்ள பாக்டீரியா படலம் செத்துப்போகும்.

பயோஃபிளாக் வேறு வகை. சர்க்கரை போட்டு வளர்க்கும் பாக்டீரியா அம்மோனியாவைத் தன் உடலாக்கிக்கொண்டு, தொட்டி நீரிலேயே திரள்களாக (ஃபிளாக்) மிதக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைப் பிடிக்க 15 கிராம் சர்க்கரை. நம் சுமை முழுவதையும் இப்படியே பிடிப்பதானால் தினம் 4.8 கிலோ. கூடவே 2.5 கிலோவுக்கு மேல் உலர் கசடு உருவாகும். திலாப்பியா, இறால் போல கலங்கல் நீரைத் தாங்குபவற்றுக்கு மட்டுமே இது சரி. இம்ஹாஃப் கூம்பில் (கசடைப் படியவிட்டு அளக்கும் குடுவை) படிவது லிட்டருக்கு 50 மில்லியைத் தாண்டினால் கசடை வடிக்க வேண்டும். இறாலுக்கு அந்த வரம்பு 15 மில்லிதான். மின்சாரம் நின்றால், மீனும் ஃபிளாக்கும் சேர்ந்து ஆக்சிஜனை அரை மணி நேரத்திலேயே ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

நீரின் காரத்தன்மையில், அதாவது பிஎச் இறங்காமல் தாங்கும் திறனில்தான், பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 7.14 கிராம் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) கரைகிறது. சர்க்கரை வழியில் அதில் பாதிதான். நம் சுமை முழுவதும் நைட்ரேட்டானால் தினம் 3.8 கிலோ சமையல் சோடா. மாற்றிவிடும் புது நீர் கொண்டுவரும் காரத்தன்மையை இதில் கழித்துக்கொள்ளலாம். போடாமல் விட்டால் பிஎச் 6.8-க்குக் கீழே இறங்கும், பாக்டீரியா சோர்ந்து அம்மோனியா ஏறும். பதற்றத்தில் ஒரேயடியாகச் சுண்ணாம்பு கொட்டினால் பிஎச் குதித்து மீன்கள் அன்றைக்கே சாகலாம்: 25 டிகிரியில் நச்சு அம்மோனியாவின் பங்கு பிஎச் 7-ல் 0.6%, பிஎச் 8-ல் 5.4%. சமையல் சோடாவைத் தவணையாகப் போட்டு, காரத்தன்மையை லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராமில் நிறுத்துங்கள்.

எங்கள் தேர்வு நகரும் படுகை, அதன் பின்னால் வாயு நீக்க ஒரு குட்டைச் சொட்டுக் கோபுரம். இந்த அமைப்பில் பாக்டீரியா நிலைபெற்றுப் பழுக்க நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். இடையில் நைட்ரைட் (அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் உருவாகும் நச்சு) உச்சம் தொடும்போது, நன்னீர் மீனானால், அது செவுள் வழியே புகாமலிருக்க, நைட்ரைட் நைட்ரஜனைப்போல 20 மடங்கு குளோரைடு நீரில் இருக்கட்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜனுக்கு, கன மீட்டருக்கு 33 கிராம் உப்பு.