கோஜிக் அமிலம் என்று சொல்லி 6,750 ரூபாயைப் பறித்தார்கள்

நேற்று மாலை எனக்குக் கிரீம் விற்ற சமூக ஊடகப் பக்கத்தினர் என் இலக்கத்தை முடக்கிவிட்டார்கள். இலங்கையின் ஹட்டனுக்கு அருகில் தேயிலைத் தோட்டமொன்றில் பல வருடங்களாகக் கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருந்ததால், அழகுப்பொருள் விற்கும் அந்தப் பக்கத்தில் கோஜிக் அமிலக் கிரீம் கேட்டேன். அரிசியைப் புளிக்கவைக்கும் பூஞ்சணத்திலிருந்து கிடைக்கும் அந்த அமிலம், தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியிலுள்ள செம்பைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டியே ஏமாற்றினார்கள்.

விலையைக் கேட்டு நான் தயங்கியபோது விற்பனைப் பெண் குரல்பதிவு அனுப்பினார்: “நானும் தோட்டத்துப் பிள்ளைதான் அக்கா. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உங்க அம்மா போட்டோ ஒன்னு அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.” நம் பக்கத்துப் பேச்சைக் கேட்ட பிறகு நான் வேறெதுவும் விசாரிக்கவில்லை. நாட்கணக்கில் முழுப்பேர் போட்டு, அதாவது முழுநாள் சம்பளத்துக்குரிய கொழுந்தைப் பறித்து, அம்மா உழைத்த 6,750 ரூபாயை அன்றே வங்கியில் வைப்பிலிட்டேன்.

வந்த டப்பாவில் உள்ளடக்கப் பட்டியல், உற்பத்தியாளர் முகவரி, காலாவதித் திகதி எதுவுமில்லை. ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது. அம்மா கண்ணாடி பார்த்துச் சிரித்ததை நினைக்கும்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் தோல் சிவந்து, எரிந்து, உரிந்து, மங்கு முன்பைவிடக் கருத்துவிட்டது. உரிந்தால்தான் மங்கு போகும் என்றார்கள். பிறகு அம்மா வெயிலில் நின்றது எங்கள் பிழை என்றார்கள். 6,750 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதன் பிறகு பதிலே இல்லை.

அரசாங்க வைத்தியசாலையின் தோல் வைத்தியர் டப்பாவைப் பார்த்தவுடன் நிறுத்தச் சொன்னார். கோஜிக் அமிலம் பலன் காட்டவே பல வாரங்கள் ஆகும் என்றும், சில நாட்களில் வெளுக்கச் செய்யும் பெயரில்லாத கிரீம்களில் பாதரசமோ வலுவான ஸ்டீரொய்டோ கலந்திருப்பதுண்டு என்றும், வெயில் காப்புக் கிரீம் இல்லாவிட்டால் எந்தப் பூச்சும் நிலைக்காது என்றும் விளக்கினார். நாளெல்லாம் மலைச்சரிவில் நிற்கும் ஒருவருக்கு விற்றவர்கள் இதில் ஒரு சொல்லையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

உள்ளடக்கம் அச்சிடப்படாத டப்பாவை வாங்காதீர்கள். முற்பணம் கட்டாதீர்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாளை நான் முறையிடப்போகிறேன், பற்றுச்சீட்டை நீங்களும் பத்திரப்படுத்துங்கள். முகப்படம் கேட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள். 6,750 ரூபாயோடு அம்மாவின் படமும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.