மீனம்பாக்கத்தில் இறங்கிவிடாதீர்கள்: சென்னை விமான நிலைய மெட்ரோவும் நானும்

வீடு தண்டையார்பேட்டையில். வேலை விஷயமாக மாதம் ஒரு தடவையாவது ஹைதராபாத் போய்வர வேண்டும். அதனால் விமான நிலையத்துக்குப் போகும் வழிகள் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.

முன்பெல்லாம் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கி, ஜிஎஸ்டி சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையில் நடப்பேன். 2016 செப்டம்பரில் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்தது. ஆனால் அப்போது சின்னமலை வரைக்கும்தான். வடசென்னைக்காரனுக்கு அதனால் என்ன லாபம்? 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை, 2021 பிப்ரவரியில் எங்கள் பேட்டை. அன்றிலிருந்து நீல வழித்தடத்தில் ஒரே ரயில், மாற வேண்டியதில்லை.

ஏறக்குறைய 50 நிமிடம். டிக்கெட் 50 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை அதில் பாதி. காசை விட எனக்குப் பெரிய விஷயம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்பது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிடுவது. டாக்ஸியில் போன நாட்களில் கிண்டி கத்திப்பாராவில் நின்றுகொண்டு வாட்சைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும்.

சைதாப்பேட்டை வரை சுரங்கம். சின்னமலையில் ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும், பெட்டியில் பாதிப் பேர் போனை எடுத்து "கிண்டி வரப்போகுது" என்பார்கள். பீக் அவரில் பெரிய சூட்கேஸோடு ஏறினால் கொஞ்சம் திண்டாட்டம்தான். முழங்காலுக்கு நடுவில் அதை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது சக்கரம் உருண்டு யார் காலிலாவது ஏறும். நான் ஒரு பைக்கு மேல் எடுத்துப்போவதில்லை.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நம் ஊரில் விமான நிலையத்துக்கே மீனம்பாக்கம் என்றுதான் பேர். "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?" என்று சித்தப்பா கேட்டபோது, யோசிக்காமல் "மீனம்பாக்கம் ஏர்போர்ட்" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் மீனம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டார். கையில் இரண்டு பெட்டி, தோளில் முறுக்கு டின். மெட்ரோவில் மீனம்பாக்கத்துக்கு அடுத்தது, கடைசி நிறுத்தமான விமான நிலையம்தான் நமக்கு. மின்சார ரயில் என்றால் திரிசூலம். நல்லவேளை, அடுத்த ரயில் சீக்கிரம் வந்தது. ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மெட்ரோ வந்ததும் திரிசூலத்தை மறந்துவிட வேண்டாம். தெற்கேயிருந்து ரயிலில் வருபவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் சுலபம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். இதற்காக எழும்பூர் வரை போய்த் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

குறை என்றால் நேரம்தான். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 வாக்கில் முடிந்துவிடும். முதல் ரயிலைப் பிடித்தால் நான் அங்கே போய்ச் சேர 6 ஆகிவிடும். அதனால் ஏழரைக்கு முன்னால் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போடுவதையே விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது இந்தக் கணக்கு உதவாது. ஒருமுறை ஒன்பதரைக்கு இறங்க வேண்டிய விமானம் பதினொன்றேகாலுக்கு இறங்கியது. ஸ்டேஷன் பக்கம் போய்ப் பார்த்தேன், மூடியிருந்தது. வீட்டுக்கு டாக்ஸியில் 900 ரூபாய்.

வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பலவும் நடுராத்திரியில்தான் இறங்குகின்றன. மெட்ரோவுக்கு முன்பே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் முப்பது கிலோ அட்டைப்பெட்டியோடு யார் அதுவரை காத்திருப்பார்கள்? அண்ணன் தோஹாவிலிருந்து வரும் விமானம் இறங்க ராத்திரி இரண்டு மணி ஆகும். "அதான் மெட்ரோ இருக்குல்ல, நானே வந்துடறேன்" என்று ஒவ்வொரு வருடமும் போனில் சொல்கிறான். நானும் ஒவ்வொரு வருடமும் டாக்ஸி பிடித்துக்கொண்டு போய் நிற்கிறேன்.