தலையில் அடிபட்ட சமையல் மாஸ்டருக்கு நஷ்டஈடு: எங்கள் வக்கீல் ஆபீஸ் எப்படி?

கோர்ட் வேலைக்கு முழு மார்க், போன் எடுப்பதற்கு முட்டை. மொத்தத்தில் ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அப்பீல் போட்டிருப்பதால் ஆபீஸ் பெயரை இங்கே போடவில்லை, திருச்சி ஆபீஸ் என்பது மட்டும் போதும்.

அக்கா வீட்டுக்காரர் கல்யாண சமையல் மாஸ்டர், வயது 38. முகூர்த்த வேலை முடித்து ரோட்டோரம் நடந்து வந்தவரைக் கார் அடித்துவிட்டது. மண்டைக்குள் ரத்தக்கட்டு, ஆபரேஷன், ஐசியூ எல்லாம் தாண்டிப் பிழைத்துவிட்டார். கை கால் நன்றாக இருக்கிறது, அதனால் வருகிறவர்கள் எல்லாம் "ஆள் நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் வாசனை சுத்தமாகப் போய்விட்டது. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓர் எலும்பு, அதன் வழியாக மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் தலையில் பலமாக அடிபட்டால் அறுந்துபோகலாம். தாளிப்பு கருகுவது தெரியாது, உப்புப் போட்டது மறந்து திரும்பவும் போடுவார், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் கரண்டியை வீசிவிடுவார். இவரை நம்பி ஆயிரம் இலைப் பந்தியை யார் கொடுப்பார்கள்?

ஐசியூ வாசலிலேயே ஒரு புரோக்கர் வக்காலத்துப் படிவத்தோடு வந்து, செலவு எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வருகிற தொகையில் முப்பது சதவீதம் கொடுங்கள் போதும் என்றான். கிடைக்கிற தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. இந்த ஆபீஸில் அந்தப் பேச்சே இல்லை, ஃபீஸ் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்து ரசீதும் தந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் (2022 ஏப்ரல் 1 முதல் அமல்) என்று சொல்லி, எஃப்.ஐ.ஆர்., ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல், சிடி ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் வாங்கி எம்.சி.ஓ.பி.யை (மோட்டார் விபத்து டிரிப்யூனலில் போடும் நஷ்டஈட்டு மனு) சீக்கிரமே ஃபைல் செய்துவிட்டார்கள்.

இவர்களுடைய திறமை தெரிந்தது ஊன சதவீதத்தில்தான். மெடிக்கல் போர்டு கொடுத்தது 30. இன்சூரன்ஸ் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு, கை கால் ஆடுகிறது, பேசுகிறார், இதில் என்ன நஷ்டம் என்று கேட்டார். எங்கள் வக்கீல் 2010ல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை எடுத்து வைத்தார். உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, சம்பாதிக்கும் திறனில் எத்தனை போனது என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கை போனால் டிரைவருக்குப் பிழைப்பே போகும், அரசு கிளார்க்குக்கு வேலை போகாது என்பது அவர்களே சொன்ன உதாரணம். சமையல்காரருக்கு மூக்கும் அப்படித்தானே!

கணக்கைப் பாருங்கள், அப்போதுதான் புரியும். மாத வருமானம் 20,000 என்று வைத்தால், நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து 28,000. வருடத்துக்கு 3,36,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கல் எண் (வருட வருமானத்தை எத்தனை மடங்கு எடுப்பது என்று வயதை வைத்துச் சொல்வது) 15, ஆக 50,40,000. இதில் 30 சதவீதம் என்றால் 15,12,000, ஐம்பது என்றால் 25,20,000. ஒரே ஆள், ஒரே காயம், பத்து லட்சம் வித்தியாசம். டிரிப்யூனல் ஐம்பதை எடுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரிச் செலவும் வலி வேதனைக்கானதும் தனி. இதற்காக ஞாபக சக்திப் பரிசோதனை ரிப்போர்ட் எடுக்க வைத்து, அந்த டாக்டரையே கூண்டில் ஏற்றினார்கள். சம்பளச் சீட்டு இல்லாத தொழில், அதனால் மண்டபக் கான்ட்ராக்டரின் சாட்சியும் ஜிபே வரவுகளும்தான் வருமானத்துக்கு ஆதாரம்.

நடுவில் லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடித்துக்கொள்ளலாம் என்று எதிர்த்தரப்பு கூப்பிட்டது. அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பறம் அப்பீலுக்கு வழியில்லை என்பதை அக்காவுக்குப் பொறுமையாக விளக்கி, முடிவை அவரிடமே விட்டார்கள். அது எனக்குப் பிடித்தது. அக்கா தையல் வேலையை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துக்கொள்வதற்குத் துணையாள் செலவும் கேட்டார்கள். தலையில் அடிபட்ட 12 வயதுச் சிறுமிக்கு 2020ல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 62,27,000 கொடுத்தபோது, துணையாள் செலவையும் பெருக்கல் எண் போட்டே கணக்கிட்டது. ஆனால் மாமா தானாக நடமாடுகிறார் என்று இங்கே அதைத் தள்ளிவிட்டார்கள். அநியாயம்தான், அடுப்பை அணைக்காமல் போகிறவரை எப்படித் தனியாக விடுவது?

இனி குறைகள். சீனியர் போனே எடுக்க மாட்டார். ஜூனியரைக் கேட்டால் "வாய்தா சார்" என்பதோடு சரி. இ-கோர்ட்ஸ் ஆப்பில் சி.என்.ஆர். நம்பர் (கேஸுக்கான தனி எண்) போட்டு நானேதான் அடுத்த தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். குமாஸ்தா ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேட்டா கேட்பார், அதற்கு மட்டும் ரசீது கிடையாது. சீனியரிடம் ஒரு தடவை நேரில் சொன்னேன், கொஞ்ச நாள் நின்று மறுபடி ஆரம்பித்துவிட்டது.

ஃபீஸ் சுமாருக்கு மேல். கட்ட முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். காலில் எலும்பு முறிவு மாதிரி நேரடியான கேஸ் என்றால் இவ்வளவு செலவு செய்து இந்த ஆபீஸுக்கு வரத் தேவையில்லை. வெளியில் தெரியாத தலைக்காயம் என்றால் வரலாம், பேட்டாவுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு.