செந்நிற ஃபவுண்டன் கிராஸ்: ஆறு ஆண்டு அனுபவம்

மூன்று தொட்டிகளில் வாங்கி வந்த புல் இன்று வேலியோரம் பதினொரு தூர்களாக நிற்கிறது. நர்சரிகளில் ‘ரூப்ரம்’ என்ற பெயரில் விற்கப்படும் செந்நிற ஃபவுண்டன் கிராஸ்தான் அது. கம்புப் பயிருக்கு நெருங்கிய உறவு என்பது கதிரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெலிந்து வளைந்த, உடல் முழுக்கச் சுணை முளைத்த கம்பங்கதிர் அது. ஒரு சாணுக்குக் குறையாத நீளம், கருஞ்சிவப்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு சுணையும் தனித்தனியாக ஒளிரும். அந்தக் காட்சிக்காகவே இதை வாங்கினேன்.

முதல் ஆண்டில் நான் செய்தது அத்தனையும் தவறு. மரநிழல் பாதி விழும் இடத்தில் நட்டு, தொழு உரத்தை அள்ளிப் போட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். இலைகளின் சிவப்பு மங்கிப் பச்சையாயிற்று, தாள்கள் நீண்டு நான்கு பக்கமும் சாய்ந்தன. மழைக்காலத்தில் இரண்டு தூர்கள் அடியிலிருந்து அழுகிப் போயின. மிஞ்சிய ஒன்றை நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்கு மாற்றிய பிறகே அதன் இயல்பு புரிந்தது. பச்சையான பழைய இலைகள் அப்படியே இருந்தன. புதிதாக வந்த குருத்துகள் மட்டும் கருஞ்சிவப்பாக எழுந்தன. நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது கிடைக்காத இடத்தில் இந்தப் புல்லை நடாதீர்கள். உரம் எவ்வளவு போட்டாலும் அந்த நிறம் வராது. தழைச்சத்து கூடினால் தாள்தான் சாயும். நான் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மக்கிய உரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மண் எதுவானாலும் சமாளித்துக்கொள்ளும், வடிகால் மட்டும் இருக்க வேண்டும். ஓரடிக் குழி தோண்டி இரவில் நீர் நிரப்பிப் பாருங்கள். காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது மண்ணை அரையடி மேடாக்கி நடுங்கள். என் தோட்டம் களிமண் என்பதால் எல்லாத் தூர்களும் மேட்டில்தான் இருக்கின்றன. வேர் பிடிக்கும்வரை முறையாகத் தண்ணீர் விட்டேன். அதன் பிறகு இரண்டு அங்குல ஆழம் காய்ந்தால்தான் ஊற்றுகிறேன், ஊற்றும்போது ஆழமாக நனையும்படி.

இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். நடும்போது கையளவே இருக்கும் கன்று ஓராண்டில் மூன்று அடிக்கு மேல் உயர்ந்து, அதே அளவு பரவும்.

ஆண்டுக்கு ஒருமுறை, புதுத் தளிர் எழும் பருவத்துக்குச் சற்று முன், தரையிலிருந்து அரையடி விட்டு முழுவதையும் அறுத்துவிட வேண்டும். அறுப்பதற்கு முன் தூரைக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டால் சோகை சிதறாமல் ஒரே கட்டாக வந்துவிடும். கையுறை அவசியம், இலை விளிம்பு அறுக்கும்.

மூன்றாம் ஆண்டில் தூரின் நடுப்பகுதி காய்ந்து வெறுமையாவதைக் கண்டு நோய் என்று பயந்தேன். அது முதுமை, அவ்வளவுதான். வளர்ச்சி வேகமாக இருக்கும் பருவத்தில் தோண்டி எடுத்து, கூர்மையான மண்வெட்டியால் பிளந்து, நடுவை எறிந்துவிட்டு, வேரோடு நான்கைந்து தாள்கள் உள்ள ஓரத் துண்டுகளைப் பழைய ஆழத்திலேயே நட வேண்டும். இந்த வகை கலப்பினம், முளைக்கும் விதை ஏறக்குறைய வைப்பதே இல்லை. ஆகவே வீட்டில் பெருக்கத் தூரைப் பிரிப்பதே எளிய வழி.

மலட்டுத்தன்மையை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. இதன் பச்சை இலை உறவான ஆப்பிரிக்க ஃபவுண்டன் கிராஸ் காற்றில் விதை பரப்பி, ஹவாய் தீவுகளில் எரிமலைப் பாறைவெளிகளைக்கூட ஆக்கிரமித்திருக்கிறது. காய்ந்த அதன் சருகு காட்டுத்தீயையும் வளர்க்கிறது. அந்தப் பச்சை வகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

உறைபனி இதற்கு ஆகாது. பனி விழும் ஊர்களில் ஒரு பருவச் செடியாகத்தான் வளர்க்கிறார்கள், அல்லது தொட்டியோடு உள்ளே எடுத்துவைக்கிறார்கள். தொட்டியில் வைப்பதானால் ஓரடிக்குக் குறையாத வாய் அகலமும் அடியில் பெரிய துளைகளும் வேண்டும். நான் சோதனைக்கு வைத்த மண்தொட்டியை இரண்டாம் ஆண்டிலேயே வேர் நெருக்கிப் பிளந்துவிட்டது. இப்போது தொட்டிப் புல்லை மட்டும் ஆண்டுதோறும் எடுத்துப் பிரித்துவிடுகிறேன்.